ஏழாவது கூடைக்கு ஒரு பிடிவாதத் தட்டு

நூர்மெஸ், ஜூன் 12

தார்யா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. வில்யா இப்போதுதான் கண் மூடினாள். அவள் கண் மூடிய பிறகுதான் எனக்கு இரண்டு கை கிடைக்கிறது. நடுவில் நான்கு முறை எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன், அதனால் வாக்கியங்கள் அறுந்து அறுந்து இருக்கும். எழுத்தில் கோபம் தெரிந்தால் பாதியைத் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள். மீதி கோபம்தான்.

உன் அட்டை வெள்ளிக்கிழமை வந்தது. "போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனி எழுதினால் போதும்" என்று சொல்லிவிட்டு நீ யோயென்சூவுக்குப் போய் நான்கு வாரம். முதல் எழுத்து இது. பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டே வரி. "எதிர்காற்றில் வலப்பக்கம் புரளாத, நடுத்தூரம் வீசும் மிட்ரேஞ்ச் தட்டு ஒன்று வாங்க வேண்டும். உனக்குத்தான் தெரியும், எது நல்லது?" வில்யா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. இல்க்கா படித்துவிட்டு, "பரவாயில்லையே, ரெண்டு வரி எழுதியிருக்கா. எங்கம்மாவுக்கு ஒரு வரிதான் எழுதுவா" என்றான். உன் தம்பியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறேன், அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரி சிரிப்பு, எது நடந்தாலும்.

நடந்தது சிரிப்பதற்கில்லை. மே மாதம் டிஸ்க் கோல்ஃப் திடலில், ஏழாவது கூடையை நோக்கி நீ வீசிய பிளாஸ்டிக் தட்டு எதிர்காற்றில் புரண்டு வலப்பக்கம் போய், என் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்த வண்டியின் மூடாக்கைக் கிழித்தது. ஒரு சாண் தள்ளிப் பட்டிருந்தால் என்று நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். வில்யா விழிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். இனி என் பிள்ளை இருக்கும் பக்கம் வராதே என்றும் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "ஒண்ணு ஆட வா, இல்ல அம்மாவா இரு. ரெண்டையும் சேத்துத் தள்ளிக்கிட்டு வராத." இல்க்கா காபி பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு, "தட்டு அவ்வளவு வேகமா வரல" என்றான். அவனோடு நான் இரண்டு நாள் பேசவில்லை. உன்னோடு இன்றைக்குத்தான் பேசுகிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லட்டுமா? ஒன்பது வருஷமாக ஜோடியாக ஆடுகிறோம். காற்று எதிர்த்தால் நான், பாதை வலப்பக்கம் வளைந்தால் நீ. அதனால்தான் உன் பையில் ஒரு ஓவர்ஸ்டேபிள் தட்டு கூடக் கிடையாது. பிடிவாதத் தட்டு என்று நாம் பெயர் வைத்தோமே, அது எல்லாம் என் பையில். காற்றுக்கு மசியாமல் போய், கடைசியில் தன் இஷ்டத்துக்கு இடப்பக்கம் இறங்குகிற தட்டுகள். "இவளுங்க ரெண்டு பேரும் ஒரு பையை ரெண்டாக் கிழிச்சுத் தூக்கிட்டுத் திரியிறாளுங்க" என்று கிளப்பில் சொல்வார்கள்.

அப்படியிருக்க இப்போது உனக்கு எதற்குப் பிடிவாதத் தட்டு? காற்றில் வீச ஆள் இல்லாதவளுக்குத்தான் அது வேண்டும். உன் புது ஜோடிக்குக் காற்றில் வீச வராது, அதுதானே? நம் கிளப் கிர்சியா? கிர்சிக்குக் காற்றடித்தால் தொப்பியைப் பிடிக்கத்தான் கை வரும். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை ஜோடிப் போட்டிக்கு இந்த வருஷமும் நாம் இருக்கிறோமா இல்லையா என்று உன்னிடம் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். உன் அட்டையே பதில் சொல்லிவிட்டது.

கேட்டாய், சொல்கிறேன். தட்டின் மேல் இருக்கும் நான்கு எண்களில் கடைசி எண்ணைப் பார். வேகம் குறைந்ததும் எவ்வளவு இடப்பக்கம் இறங்கும் என்பது அது. நான்கு இருக்கட்டும், இரண்டு மூன்றில் திருப்திப்படாதே. எடை நூற்றெண்பது கிராம், ஒரு கிராம் குறைய வேண்டாம். கண்ணாடி போல மினுமினுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்காகப் பார்த்து வாங்கு. மலிவு ரகம் நாலு தரம் மரத்தில் பட்டால் பிடிவாதம் போய் நேராகப் பறக்க ஆரம்பித்துவிடும். முதலில் உனக்குச் சீக்கிரமே இடப்பக்கம் விழும். விழட்டும். இன்னும் வேகமாக வீசு.

வில்யாவுக்கு இரண்டு பல். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

ஹெய்னி

*

யோயென்சூ, ஜூன் 20

ஹெய்னி,

ஒரு தட்டுக்கு இரண்டு பக்கம் எழுதினாய், நன்றி. அதில் முக்கால் பக்கம் கிர்சிக்குப் போய்விட்டது. கிர்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீயே எல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கும்போது நடுவில் நான் எதற்கு?

நீ சொன்னதையே வாங்கினேன். கடைசி எண் நான்கு, நூற்றெண்பது கிராம், கண்ணாடி மாதிரி மினுக்கு, ஆரஞ்சு நிறம். சலூனில் கடைசி ஆளுக்கு முடி வெட்டி முடித்துவிட்டு நேராகத் திடலுக்குப் போனேன். வீசியதும் இருபது மீட்டர் போய், மறந்துபோன எதையோ எடுக்க வீட்டுக்குத் திரும்புகிறவள் மாதிரி இடப்பக்கம் திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. பத்துத் தடவை வீசினேன், பத்துத் தடவையும் அதே புதர். கொசுக்கள் என்னை அடையாளம் வைத்துக்கொண்டுவிட்டன. பக்கத்தில் வீசிக்கொண்டிருந்த கிழவர், "புதர்ல ஏதாவது ஆள் இருக்கானா?" என்று கேட்டார்.

இன்னும் வேகமாக வீசு என்று எழுதியிருந்தாய். வீசுகிறேன். ஆனால் எவ்வளவு வேகம் என்று நீ சொல்லவில்லை. நான் எழுபது மீட்டர் வீசுகிறவள், உனக்குத் தெரியும். தட்டு எனக்குச் சரிதானா என்று ஒரு முறை யோசித்துச் சொல். அட்டையில் ஒரு வரி போதும்.

நடுக்கோடை விழாவுக்கு வரவில்லை. அம்மாவிடம் வேலை என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல். பிள்ளை பக்கம் வராதே என்று சொன்னது நீ. அந்த வார்த்தையை நீயே திரும்ப எடுத்துக்கொள்ளும் வரைக்கும் நான் அந்த ஏரிக்கரைக்கு வருவதாக இல்லை. ஏலக்காய் ரொட்டி அனுப்பியிருக்கிறேன். அது இல்க்காவுக்கு.

இரண்டு பல்லும் கீழா மேலா?

தார்யா

*

நூர்மெஸ், ஜூலை 4

தார்யா,

கீழே. இப்போது மேலே ஒன்று வருகிறது, அதனால் இந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

விழாவுக்கு நீ வராததை உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். சொக்கப்பனை எரிகிறபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வேலையாமே" என்றார். "ஆமாம், வேலை" என்றேன். "நடுக்கோடையில யாரு முடி வெட்டிக்கிறாங்க?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் அம்மா கேட்டு முடித்துவிட்டால் தேவலை. கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வில்யா தவழ ஆரம்பித்துவிட்டாள். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகிறது. நேற்று ஒரு பைன் காயைத் தொண்டை வரை கொண்டுபோய்விட்டாள். விரலை விட்டு எடுத்தேன். எடுத்த பிறகு வீட்டைச் சுற்றிக் கிடந்த காய்களையெல்லாம் பொறுக்கி வாளியில் போட்டேன். மருத்துவத் தாதி சிரித்துக்கொண்டே, "நீங்க ரொம்பப் பயப்படுறீங்க, பிள்ளைங்க கெட்டியானவங்க" என்கிறாள். அவள் பிள்ளையின் வண்டியில் தட்டு விழுந்ததில்லை.

வண்டியின் மூடாக்கை நான் இன்னும் தைக்கவில்லை. தைத்துவிடு என்று இல்க்கா சொல்கிறான். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு தள்ளுகிறேன். ஊரில் எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

தட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். தட்டு சரியானதுதான். குறை தட்டில் இல்லை. ஒரு நாளைக்கு நூறு முறை வீசு. மணிக்கட்டை விடு, முழங்கையிலிருந்து சாட்டை மாதிரி இழு. மூன்று வாரத்தில் நேராகும். ஒன்பது வருஷம் எனக்குப் பின்னால் நின்று வீசினாய், முன்னால் நின்று வீசும்போது எப்படி இருக்கும் என்று இப்போதாவது தெரியட்டும்.

போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆகஸ்ட் பத்துதான் கடைசி. பட்டியலை நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் போவதுமில்லை. உன் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயர் இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

ரொட்டி நன்றாக இருந்தது. இல்க்கா சொன்னான்.

ஹெய்னி

*

யோயென்சூ, ஜூலை 29

ஹெய்னி,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இடக்கையால் எழுதுகிறேன். அதனால் சின்னச் சின்னதாகச் சொல்கிறேன்.

தினமும் நூறு வீசினேன். பதினேழு நாள். முழங்கையிலிருந்து இழுத்தேன், நீ சொன்ன மாதிரி. பதினெட்டாம் நாள் காலையில் காபிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. டாக்டர் முழங்கையைத் தொட்டார், நான் மேசையை உதைத்தேன். தசைநார் கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் கத்தரிக்கோலைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் பார்க்கலாம் என்கிறார். என் நாற்காலியில் இப்போது வேறொரு பெண் முடி வெட்டுகிறாள். நான் தரையைக் கூட்டுகிறேன், இடக்கையால்.

கடையில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. கல்லாவில் இருந்த அம்மாள் தட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான்."

"எவ்வளவு தூரம் வீசுவீங்க?"

"எழுபது மீட்டர்."

"அப்ப இது உங்களுக்கு இல்லம்மா. நூத்தியிருபது வீசுற ஆளுக்கு. உங்க கையில இது செங்கல்லு."

"எங்க வீட்டுப் பொண்ணு சொல்லியிருக்கா. பிசிக்ஸ் வாத்தியார் அவ. நோட்டுப் போட்டு ஒவ்வொரு தட்டையும் எழுதி வெச்சிருக்கா."

"அப்ப சரி, வாத்தியார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று உறையில் போட்டுக் கொடுத்தாள். இப்போது அந்தப் பக்கம் போவதென்றால் நான் எதிர்ச்சாரியில் நடக்கிறேன்.

கிர்சி இந்தக் கோடை முழுக்க அவள் புருஷனோடு ஆடுகிறாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, தீர்ப்பு எழுதினாய். போட்டிக்கு நம் இரண்டு பெயரையும் ஜூன் முதல் தேதியே சீட்டில் எழுதித் தபாலில் அனுப்பிவிட்டேன். பட்டியல் கிளப் சுவரில் இருக்கிறது, உன் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. நீ போய்ப் பார்க்கவில்லை.

தட்டு எதற்கு என்று கேட்டாயே. மே மாதம் என் தட்டு வலப்பக்கம் போனது. இனி என் கையிலிருந்து எதுவும் வலப்பக்கம் போகக் கூடாது என்று நினைத்தேன். நீ வண்டியை எங்கே நிறுத்தினாலும் சரி, எந்தக் காற்று அடித்தாலும் சரி. அதற்குத்தான் பிடிவாதத் தட்டு. அட்டையில் அதை எழுத எனக்கு வரவில்லை. நான் இரண்டு வரிக்காரி, உனக்குத் தெரியும்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் திடலில் இறங்கி, அந்தத் தட்டைக் குளத்தில் விட்டெறிந்தேன். இடக்கையால். அன்றைக்குத்தான் அது நேராகப் போனது.

ஒரே ஒரு கேள்வி. அது என் கைக்கு ஆகாது என்று தெரிந்து எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா? தெரியாமல் என்றால் விட்டுவிடுகிறேன், நாமெல்லாம் தப்பான தட்டை வாங்கியவர்கள்தான். ஒரு வார்த்தை எழுது. காரணம் எழுதாதே. காரணம் எழுத ஆரம்பித்தால் நீ கிர்சி வரைக்கும் போய்விடுவாய்.

தார்யா

*

நூர்மெஸ், ஆகஸ்ட் 5

தார்யா,

தெரிந்துதான்.

நீ கேட்ட ஒரு வார்த்தை அது. காரணம் எழுதாதே என்றாய், எழுதவில்லை. ஆனால் நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுதினேன். "தெரியாமல்தான். என் கையை வைத்து உன் கைக்குச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு" என்று. நன்றாக இருந்தது, நானே நம்புகிற மாதிரி. உறையில் போட்டு ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, காலணி அடுக்கின் மேல் வைத்தேன். சனிக்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டு தபால்பெட்டிக்குக் கிளம்பும்போது போன் அடித்தது. யோயென்சூவிலிருந்து யாரோ ஒருவர். நல்ல கனத்த குரல்.

"ஹெய்னி அம்மாவா? உங்க தட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. குளத்துல இறங்கி என் தட்டைத் துழாவினேன், கால்ல உங்களுது தட்டுப்பட்டுச்சு. என்னுது இன்னும் கிடைக்கல, அது வேற விஷயம்."

நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை, வேறு யாருடையதாவது இருக்கும் என்றேன்.

"அடியில உங்க நம்பர்தானம்மா இருக்கு, அதப் பாத்துத்தான கூப்பிடுறேன். ரெண்டு பேர் எழுதியிருக்கு. தார்யா, ஹெய்னி. ஆரஞ்சுத் தட்டு. ஜூன்னு தேதி கூடப் போட்டிருக்கு."

வண்டியின் பிரேக்கை மிதித்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். அவர் இணைப்பு போய்விட்டது என்று நினைத்து இரண்டு முறை ஹலோ சொன்னார். பிறகு, "ஒண்ணு கேக்கலாமா? இந்தப் பிசாச யாரு வீசுறது, நீங்களா?" என்றார்.

"நான் வீசல. வாங்க வெச்சது நான்."

"நல்லா வாங்க வெச்சீங்க போங்க. நான் தொண்ணூறு வீசுறேன், என் கையிலயே முறைக்குது. தபால்ல அனுப்பட்டுமா, இங்கயே தொலைஞ்ச தட்டுப் பெட்டியில போட்டுரட்டுமா?"

எனக்கே அனுப்புங்கள் என்று முகவரி கொடுத்தேன். வீட்டுக்குள் வந்து, ஒட்டிய உறையைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

என் கடிதம் கையில் இருக்கும்போதே, கிர்சி என்றெல்லாம் நான் எழுதியதைப் படித்த பிறகும், நீ கடைக்குப் போய், தட்டை வாங்கி, பேனாவை எடுத்து என் பெயரையும் என் எண்ணையும் அடியில் எழுதியிருக்கிறாய். தொலைந்தால் எனக்குத் தகவல் வரும் என்று. நான் அந்த நேரம் இங்கே உட்கார்ந்து, இன்னும் கனமாக ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன் கைக்குச் சரியான தட்டு எது என்று எனக்கு முதல் நாளே தெரியும். கடைசி எண் இரண்டு, நூற்று எழுபது கிராம், மலிவுப் பிளாஸ்டிக். அதை ஒரு வரியில் எழுதியிருக்கலாம். எப்படித் தெரியும் என்றால், பிரசவத்துக்குப் பிறகு என் கையும் எழுபதுதான். இடுப்பு சுழல மறுக்கிறது. மே மாதமே நான் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போய் என் பிடிவாதத் தட்டுகளை வீசிப் பார்த்தேன். எல்லாம் இருபது மீட்டரில் இடப்பக்கம் விழுந்தன, உனக்கு விழுந்த மாதிரியே. நீ எழுதிய புதர் எனக்குத் தெரியும். வேறு ஊரில் அதே புதருக்குள் நான் முன்பே போயிருக்கிறேன். ஏழாவது கூடையில் அன்றைக்குக் காற்றுக்கு எதிராக உன்னை முதலில் வீசச் சொன்னது அதனால்தான். முதுகுவலி என்று சொன்னேன். என்னால் இனி முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வண்டியை வலப்பக்கப் பைன் மரத்தடியில், வீசும் இடத்துக்கு நாற்பது அடி முன்னால் நிறுத்தியது நான். அங்கேதான் நிழல் இருந்தது. ஒன்பது வருஷமாக அந்தப் பக்கம் நம் தட்டு போனதே இல்லை, ஏனென்றால் அந்த இடத்தில் காற்றுக்கு எதிராக வீசியது நான்தான். அன்றைக்கு வீசப்போவது நான் இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நீ கையைப் பின்னால் இழுக்கும்போது ஏரியிலிருந்து காற்று எழும்பியது. எனக்குக் கேட்டது. நில் என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாய். அதைச் சொல்லாமல், பிறகு உன் மேல் கத்தினேன். மூடாக்கைத் தைக்காமல் ஊர் முழுக்கத் தள்ளிக்கொண்டு திரிந்தேன், பார்க்கிறவர்கள் எல்லாம் உன்னைக் குற்றம் சொல்லட்டும் என்று. தட்டு புரண்டது உன் கையால்தான். ஆனால் அது போன இடத்தில் பிள்ளையை வைத்தது நான்.

இல்க்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. "இத அவகிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டான். பிறகு வெளியே போய் விறகு பிளந்தான், இந்த வெயிலில், மதியம் வரை.

நேற்று கிளப்புக்குப் போனேன். பட்டியலில் இரண்டாவது வரியில் நம் பெயர் இருக்கிறது, நீ அனுப்பிய சீட்டையே ஒட்டியிருக்கிறார்கள், உன் கையெழுத்தில், நல்ல கையெழுத்தில். இருவரில் ஒருவராலும் வீச முடியாது. ஆனாலும் பெயரை நான் அடிக்கவில்லை. அடிப்பதென்றால் நீ அடிக்க வேண்டும். பத்தாம் தேதிக்குள் சொல்.

பிள்ளை பக்கம் வராதே என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதனால் நீ வர வேண்டும் என்று இல்லை. வராவிட்டாலும் எனக்குப் புரியும். உன் முழங்கைக்கு நான் பதில் சொல்ல முடியாது. மன்னிப்பு என்ற வார்த்தையை அந்த அனுப்பாத கடிதத்தில் பொய்யோடு சேர்த்து எரித்துவிட்டேன், இதில் மறுபடியும் எடுத்துப் போட வெட்கமாக இருக்கிறது.

வில்யாவின் முன்முடி கண்ணில் விழுகிறது. முதல் முடியை நான்தான் வெட்டுவேன் என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னாய். மருத்துவத் தாதி கத்தரிக்கோலை எடுத்தாள், வேண்டாம் என்றேன். ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன், அவள் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறாள்.

சீக்கிரம் பதில் எழுது. இடக்கையாலேயே எழுது, இரண்டு வரி போதும்.

ஹெய்னி